குத்தாலம் கேட்டில் முகூர்த்தம்

ரயில்வே கேட் மூடியிருந்ததால்தான் என் வீட்டுக்காரரால் காரிலிருந்து இறங்க முடிந்தது. இல்லாவிட்டால் ஓடுகிற வண்டியிலிருந்தே குதித்திருப்பார், அப்படி ஒரு கோபம் அவருக்கு. குத்தாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், பொழுது அப்போதுதான் பளபளவென்று விடிந்திருந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு லாரியும் இரண்டு பால் வண்டிகளும் நின்றன. பட்டு வேட்டி கசங்காமல் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர் திடீரென்று கதவைத் திறந்து இறங்கி, நேரே காருக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். ரயில் போயிற்று, கேட் திறந்தது, லாரியும் பால் வண்டிகளும் போயின. நாங்கள் போகவில்லை. பின்னால் நின்றவர்கள் எங்களைத் திட்டிக்கொண்டே விலகிப் போனார்கள்.

“அப்பா, என்னப்பா இது? ஏறுங்கப்பா, நேரமாவுது,” என்றான் ஸ்டியரிங்கில் இருந்த என் மகன் பகலவன்.

“ஓரங்கட்டு. தூங்கி எந்திரி. அப்புறம் ஏறுறேன்.”

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. அன்றைக்கு அவருக்கு அறுபதாம் கல்யாணம். திருக்கடையூரில் என் மகள் கயல்விழியும் அவருடைய தங்கையும் மற்ற சொந்தக்காரர்களும் முதல்நாளே போய்த் தங்கிவிட்டார்கள். சென்னையிலிருந்து பகலவன் வந்து சேர்ந்ததும் நாங்கள் மூவரும் தஞ்சாவூரிலிருந்து விடியுமுன் கிளம்புவதாக ஏற்பாடு. முகூர்த்தம் ஏழரை மணி வரைதான். அதற்குள் போய் மணையில் உட்கார்ந்தாக வேண்டும். எமனையே காலால் உதைத்த சாமி இருக்கிற கோயில் என்பதால் அங்கே தினம் தினம் அறுபதும் எழுபதும் எண்பதும் வரிசையில் நிற்கும். நேரம் தவறினால் நமக்காக யார் காத்திருப்பார்கள்?

மற்றவர்களுக்கு இது இரண்டாவது கல்யாணமாக இருக்கலாம், எனக்கு இதுதான் முதல். எங்கள் கல்யாணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது. இரண்டு மாலை, நாலு கையெழுத்து, ஒரு கிளாஸ் டீ, அவ்வளவுதான். தாலி என்பது மாட்டைக் கட்டுகிற கயிறு என்று மேடையேறிப் பேசுகிற ஆள் என் வீட்டுக்காரர் இளையபெருமாள். நானும் அப்போது தலையை ஆட்டினேன். ஆசை மட்டும் போகவில்லை. ஊரில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் கெட்டிமேளம் கொட்டுகிற நேரத்தில் என் கை தானாக வெறுங்கழுத்துக்குப் போகும். அறுபது நெருங்க நெருங்க நச்சரித்து நச்சரித்து, ‘சரி நீலா, உனக்காக ஒரே ஒரு தடவை’ என்று அவர் சொன்ன அன்றே கூறைநாட்டுக்குப் போய்ப் புடவை எடுத்துவிட்டேன். தாலியை நானே கடை கடையாக ஏறிப் பார்த்து வாங்கினேன். மஞ்சள் கயிற்றில் கோத்துக் கைப்பையில் வைத்திருந்தேன், வழி நெடுக அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தேன். அந்தச் சந்தோஷத்தில்தான் இவர் மண்ணை அள்ளிப் போட்டார்.

பகலவன் காரைப் புளியமரத்தடியில் ஓரங்கட்டினான். நான் இறங்கி இவரிடம் போனேன்.

“என்னங்க, உங்களுக்கு இஷ்டமில்லன்னா வீட்டுலயே சொல்லியிருக்கலாம்ல? நடுரோட்டுல நின்னு நாடகம் ஆடணுமா?”

“நீலா, கும்பகோணத்துலேர்ந்து பாத்துக்கிட்டே வர்றேன். கண்ணாடிய எறக்கினான். பாட்ட சத்தமா வெச்சான். தன் கன்னத்துல தானே அறைஞ்சுக்கிட்டான். ஆடுதுறை தாண்டி எடது பக்கச் சக்கரம் மண்ணுல எறங்கி ஏறுச்சு. நீ புடவ மடிப்பு சரி பண்ணிக்கிட்டு இருந்த.”

அவர் போலீஸ் ஆபீஸில் விபத்துக் கணக்கு எழுதுகிற பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் மாவட்டத்துச் சாவுகளைக் கூட்டிச் சென்னைக்கு அனுப்புவார், அங்கே எல்லா மாவட்டத்தையும் சேர்த்துத் தமிழ்நாட்டுக் கணக்காக்குவார்கள். வருஷத்துக்குப் பதினேழாயிரம், பதினெட்டாயிரம் உயிர். ஹெல்மெட் போடாதது, குடித்துவிட்டு ஓட்டியது, எதிர்த்திசையில் வந்தது என்று எங்கள் வீட்டில் சோற்றோடு சேர்த்து அதையும்தான் சாப்பிட்டோம். இந்த மனிதரோடு எந்த ஊருக்கும் நிம்மதியாகப் போய்வர முடியாது. ஒவ்வொரு வளைவிலும் யாராவது ஒருவர் அவருக்காகச் செத்துக் கிடப்பார். தானும் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை, என்னையும் கற்றுக்கொள்ள விடவில்லை.

“எமனை உதைச்ச சாமிகிட்ட போறோம். போற வழியில நமக்கு ஒண்ணும் ஆவாது,” என்றேன்.

“சாமி கோயில்ல உதைச்சாரு. ரோட்டுல யாரு உதைக்கிறது?”

வேறு நேரமாயிருந்தால் சிரித்திருப்பேன். போன் அடித்தது. “அம்மா, எங்க வந்துக்கிட்டு இருக்கீங்க? குருக்கள் ஏழரைக்கு மேல ஒரு நிமிஷம் ஆகாதுங்கறாரு. நமக்குப் பின்னாடி இன்னும் நாலு ஜோடி நிக்கிது,” என்று கயல்விழி கத்தினாள். வேறு கார் பிடித்து அனுப்பட்டுமா என்றாள். அது வந்து எங்களை ஏற்றிக்கொண்டு திரும்புவதற்குள் முகூர்த்தம் முடிந்துவிடும். இதோ வருகிறோம் என்று வைத்துவிட்டு, மகனை எழுப்பிக் கிளம்புவதென்று காரை நோக்கி நடந்தேன். இவர் வந்தால் வரட்டும், வராவிட்டால் இழுத்துப் போட்டுக்கொண்டு போகலாம் என்கிற வேகம் எனக்கு.

பகலவன் சீட்டைக்கூடச் சாய்க்கவில்லை, உட்கார்ந்தபடியே தூங்கியிருந்தான். வாய் திறந்திருந்தது. முந்தின நாள் முழுக்க ஆபீஸில் வேலை, அப்புறம் சென்னையிலிருந்து ராத்திரி முழுக்க ஓட்டி வந்தவன், வீட்டில் குளித்த ஈரத்தோடு மறுபடி வண்டியெடுத்திருந்தான். தோளைத் தொட்டேன். “பகலு, எந்திரிடா, போவலாம்.” அவன் கண்ணைத் திறந்தான். என்னைத்தான் பார்த்தான், ஆனால் பார்க்கவில்லை. “பிரேக் போட்டுட்டேம்மா,” என்றான் தெளிவாக. அணைந்து கிடந்த காரில் அவன் வலது கால் பெடலைத் தேடி அழுத்திப் பிடித்துக்கொண்டது. கண் மறுபடி மூடியது. கால் மட்டும் அழுத்திக்கொண்டே இருந்தது.

அவன் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டேன். கும்பகோணத்திலிருந்து இப்படித்தான் வந்தோமா? நான் பையைத் தடவிக்கொண்டு, மடிப்பைச் சரிசெய்துகொண்டு, இவன் இப்படித்தான் ஓட்டினானா?

இவர் பின்னால் வந்து நின்றிருந்தார். “எங்க கணக்குல தூக்கத்துக்குன்னு தனியா எழுதுனதே கம்மி, நீலா. தூங்கிட்டேன்னு சொல்றதுக்கு ஆள் இருக்க மாட்டான். வேகம், கவனக்குறைவுன்னு எழுதி அனுப்பிடுவோம். நானே எவ்வளவோ எழுதியிருக்கேன்.” அவர் மகனின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். “இவன அப்படி எழுத என்னால முடியாது.”

“எழுப்பல,” என்றேன். “தூங்கட்டும்.”

சொல்லிவிட்டேனே தவிர அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. மகன் பிழைத்த சந்தோஷமும் தாலி போன துக்கமும் ஒன்றாக வந்தால் எதற்கென்று அழுவது? நாம் பஸ்ஸில் போகலாமா என்று இவர் கேட்டார். இவனை இப்படியே விட்டுவிட்டா? விழித்துப் பார்த்து நாங்கள் இல்லையென்றால் பதறியடித்துக்கொண்டு துரத்தி வருவான். முடியவே முடியாது என்றேன். காரோரமே நின்றோம், மணி ஏழைத் தாண்டியது.

சாலைக்குக் கீழே வயலில் குறுவைக்கு நாற்றுப் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நாங்கள் சண்டை போட்டதையெல்லாம் பார்த்துவிட்டார்கள் போலிருக்கிறது. ஏழெட்டுப் பேர், முழங்கால் வரை சேறோடு மேலே ஏறி வந்தார்கள்.

“ஏம்மா, வண்டி ரிப்பேரா?” என்று கேட்டவளுக்கு என் வயதிருக்கும். காத்தாயி என்று பெயர். “பட்டுப்பொடவையும் பூவுமா நின்னு அழுவுறியே?”

சொன்னேன். மகன், தூக்கம், முகூர்த்தம், தாலி, எல்லாவற்றையும் மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னேன். காத்தாயி எட்டிக் காருக்குள் பார்த்தாள், பிறகு இவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“மாப்ள நல்லாத்தான் இருக்காரு. தாலி கையில இருக்கு. மந்திரம் சொல்ற வாத்தியார் ஒருத்தர்தான் இல்ல, ஏன் மாப்ள?”

பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏழே கால். செருப்பைக் கழற்றி மரத்தடியில் விட்டார். கிழக்கு எது என்று பார்த்துத் திரும்பி நின்றார். சாமி கும்பிடாத அந்த மனிதர் என்னிடம் கையை நீட்டி, “எடு நீலா, நேரம் இருக்கு,” என்றார்.

பையின் ஜிப் திறக்கவில்லை. பூவிழி என்கிற சின்னப்பெண் ஓடி வந்து திறந்து கொடுத்தாள். ஐயோ, எங்கே, இப்படியா, ரோட்டிலேயா என்று மனம் அடித்துக்கொள்கிறது, அதற்குள் அவர் விரல்கள் என் பின்கழுத்தில் இருந்தன. மேடையில் என்னவெல்லாமோ பேசிய ஆளுக்கு ஒரு முடிச்சுப் போடத் தெரியவில்லை. இரண்டு தடவை அவிழ்ந்தது. மூன்றாவது தடவை விழுந்தது.

“மத்த ரெண்டு முடிச்சும் நாத்தனா போடணும்,” என்றேன். “அவ திருக்கடையூர்ல நிக்கிறா.”

“அப்ப நாந்தான் நாத்தனா,” என்று காத்தாயி சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். துடைத்தும் சேறு இருந்தது. அவள் இறுக்கிப் போட்ட முடிச்சில் என் கழுத்தே ஒரு பக்கம் இழுபட்டது. நெஞ்சு அப்படி அடித்துக்கொண்டது எனக்கு. கெட்டிமேளம் கேட்கிற மாதிரியே இருந்தது.

குலவை போட எல்லாரும் வாய்க்குக் கையைக் கொண்டுபோனார்கள்.

“பையன் தூங்குறான்,” என்றார் இவர், பதறிப்போய்.

அத்தனை கையும் அப்படியே வாயைப் பொத்திக்கொண்டன. குலவை உள்ளேயே முட்டிச் சிரிப்பாகி, ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து குலுங்கினார்கள். ஒருத்தி கையோடு கொண்டுவந்த நாற்றிலிருந்து நாலைந்து தாளை உருவி அட்சதைபோல் எங்கள் தலையில் போட்டாள். கும்பகோணம் பக்கமிருந்து ஒரு தனியார் பஸ் ஊரையே எழுப்புகிற ஹாரனோடு வந்துகொண்டிருந்தது. பூவிழிதான் முதலில் சாலையோரத்துக்கு ஓடினாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் ஓடி வரிசையாக நின்று, சேற்றுக் கைகளை ஆட்டி ஆட்டி, உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்கள். பட்டு வேட்டியோடு என் வீட்டுக்காரரும் வரிசையில் போய் நின்று இரண்டு உள்ளங்கைகளாலும் மெல்ல, மெல்ல என்று காற்றை அழுத்தினார். ஹாரன் பாதியில் நின்றது. பஸ் நடக்கிற வேகத்துக்கு வந்து எங்களைத் தாண்டியது. ஜன்னல் நிறைய முகங்கள் எட்டிப் பார்த்தன. அதன் பின்னால் ஒரு மணல் லாரி, அதன் பின்னால் இரண்டு கார்கள், நாலைந்து மோட்டார் சைக்கிள்கள், என்ன ஏது என்று தெரியாமலே ஒவ்வொன்றாக வேகத்தைக் குறைத்து, சத்தமில்லாமல் என் மகனைக் கடந்து போயின.