ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல்

1

இது கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. பத்திரிகை ஆசிரியர் தொலைபேசியில் கேட்டார்: "சமையலறைக்குப் பயன்படுற கருவிகள் பத்தி ஒரு பக்கம், கறி சாப்பிட்டா உடம்புக்கு என்ன ஆகும்னு ஒரு பக்கம். ரெண்டையும் கோத்துக் குடுத்துடுங்க." கோப்பதற்கு இதென்ன பூவா என்று கேட்க வாய்வரைக்கும் வந்தது. சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

முதல் வரி: 'நவீன சமையலறையில் கருவிகளின் பங்கு…' அடித்துவிட்டேன். எனக்கே கொட்டாவி வந்தது.

அடுத்தது: 'சிவப்பு இறைச்சியில் உள்ள கொழுப்பு, இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாய்களில்…'

இதையும் பாதியில் விட வேண்டியதாயிற்று. கீழ்த்தளத்தில் என் அண்ணனும் அண்ணியும் சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள். அதுவும் கொழுப்பைப் பற்றியே.

2

அண்ணன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். போன கோடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வண்டியை ஓரம் கட்டினார். நல்லவேளை, பிள்ளைகளை எல்லாம் இறக்கிவிட்டிருந்தார். "கறியை நிறுத்துங்க, எண்ணெயைக் குறைங்க. கொழுப்பு இறங்கலேன்னா ஆபரேஷன் பத்தித்தான் பேசணும்" என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து அண்ணி கருவி வாங்க ஆரம்பித்தார். சூடான காற்றிலேயே பொரிக்கிற ஏர் ஃபிரையர் வந்தது. உப்பைக்கூட நிறுக்கிற குட்டித் தராசு வந்தது. கடைசியாக, கொழுப்பு பிரிக்கும் குவளை.

(அடிக்குறிப்பு போட இடமில்லாததால் இங்கேயே: குழம்பை இந்தக் குவளையில் ஊற்றிக் கொஞ்ச நேரம் விட்டால் கொழுப்பு மேலே மிதக்கும். குவளையின் மூக்கு அடியிலிருந்து கிளம்புவதால், சாய்த்தால் சாறு மட்டும் வெளியே வரும். உண்மையிலேயே நல்ல கருவி. ஆசிரியர் ஐயா, உங்கள் கட்டுரை இவ்வளவுதான்.)

3

சண்டைக்குக் காரணம் அன்று வந்த ரத்தப் பரிசோதனை முடிவு. கொழுப்பு இறங்கவில்லை, ஏறியிருந்தது.

"எங்க போய்ச் சாப்பிடுறீங்க? டிப்போ பக்கத்துக் கடையிலயா?"

"உன் மேல சத்தியமா ஒரு துண்டு தொடல."

"என் மேல எதுக்குச் சத்தியம்? நான் போய்ச் சேரணுமா?"

"சாப்பிடாமலே சாப்பிட்டேன்னு பேர் வாங்குறதுக்கு, பேசாம சாப்பிட்டுட்டே செத்துடலாம்!"

கதவு படார் என்றது. அண்ணி அழுதது மாடிவரைக்கும் கேட்டது. எனக்கு எரிச்சலாக வந்தது, பயமாகவும் இருந்தது. பொய் சொல்லும் மனிதர் இவ்வளவு கோபப்படுவாரா? கதாபாத்திரமாக எழுதினால் நானே நம்ப மாட்டேன்.

4

கட்டுரைக்குக் குவளையைப் பார்க்க வேண்டும் என்று சாக்குச் சொல்லிக் கீழே போனேன். ஃபிரிட்ஜில் ஒரு கண்ணாடிப் பாட்டில். உள்ளே வெள்ளையாக உறைந்து கிடந்தது.

"இது என்ன அண்ணி?"

"பசங்களுக்குக் கறி வைக்கிறேன்ல, அதுல பிரிச்செடுத்தது. கீழ கொட்ட மனசு வரல."

"வெச்சு என்ன பண்றீங்க?"

"உங்கண்ணனுக்குக் காய் வதக்குறேன். டாக்டர்தான் எண்ணெயே கூடாதுன்னுட்டாரே. இப்போ ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது, தெரியுமா!"

அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

[இந்த இடத்தில் கதைசொல்லி உண்மையைப் போட்டு உடைக்க வேண்டும். தொழில் தெரிந்தவர்கள் அதைத்தான் செய்வார்கள். நான் "ஓ" என்றேன். அந்த முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் "ஓ" என்றுதான் சொல்லியிருப்பீர்கள், சும்மா இருங்கள்.]

5

நேரே டிப்போவுக்குப் போனேன். அண்ணன் பேருந்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாட்டில் விஷயத்தைச் சொன்னேன்.

"தெரியும்" என்றார்.

"என்னது?"

"முட்டைக்கோஸ் அவ்வளவு ருசியா இருந்தா சந்தேகம் வராதா? முதல் நாளே பார்த்துட்டேன்."

"அட கடவுளே! சொல்லித் தொலைக்கக் கூடாதாண்ணே?"

"எனக்காக எவ்வளவு மெனக்கெடுறா பாரு. தன் கையாலயே கொழுப்பைக் குடுத்துட்டோம்னு தெரிஞ்சா தாங்குவாளா? நீ வாயத் திறக்காதே."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதோ ஒரு தியாகி, கதைக்கு ஆள் கிடைத்துவிட்டார் என்று நினைத்தபடி திரும்பினேன். பின்னாலிருந்து குரல் வந்தது:

"ஆமா, இன்னிக்கு என்ன காய்?"

நாசமாய்ப் போக! மனைவியைக் காப்பாற்றுகிறாரா, நாக்கைக் காப்பாற்றுகிறாரா? இந்தப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு நான் என்னதான் எழுதுவது?

6

முடிவு அ: பாட்டில் கைதவறி உடைகிறது. (பிரயோசனமில்லை. நாளைக்கே அடுத்த பாட்டில் நிரம்பும்.)

முடிவு ஆ: டாக்டரே கண்டுபிடித்து… (டாக்டருக்கு அண்ணி வீட்டு ஃபிரிட்ஜில் என்ன வேலை?)

முடிவு இ:

இதை எழுதத் தொடங்கும்போது அண்ணி மாடியேறி வந்து என் மேசைக்குப் பக்கத்தில் நின்றார்.

"இனிமே மதியத்துக்கும் நானே காய் வதக்கிக் கட்டிக் குடுக்கப்போறேன். மூணு வேளையும் என் கையாலதான். வெளியில எப்படிச் சாப்பிடுறார்னு பார்த்துடுறேன்."

அந்தப் பாட்டிலிலிருந்து மூன்று வேளை!

"அண்ணி, அவர் வெளியில சாப்பிடல."

"உனக்கு நிச்சயமாத் தெரியுமா? நீ சொன்னா நம்புறேன்."

"நிச்சயமாத் தெரியும்."

அவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்தார். முகம் மலர்ந்துவிட்டது. "பாவம் மனுஷன். அவரைப் போய் என்னென்ன பேசிட்டேன்." புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்போ கொழுப்பு எங்கேருந்துதாம்மா வருது?"

இந்த மாதிரிக் கதைகளில் ஆசிரியர் இங்கே நைசாகக் கழன்றுகொண்டு, முடிவு உங்கள் கையில் என்பார். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அண்ணன் எனக்கு உயிரோடு வேண்டும். பதிலைச் சொல்லத்தான் போகிறேன். ஆனால் மலர்ந்த அந்த முகம் என்ன ஆகும் என்று பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்க ஆள் வேண்டியதில்லை. வாசகரே, தயவுசெய்து எழுந்து வெளியே போங்கள்.