தேனீத் தலை அளவு

சியான் ரயில் நிலையத்தின் வாசலில் காலை ஏழு மணிக்கு நின்று விசில் ஊதினேன். நாலைந்து போர்ட்டர்களும் ஒரு போலீஸ்காரரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்க வேண்டியவள் பார்த்தாளே, அது போதும். கூட்டத்துக்கு நடுவிலிருந்து பெய்வென் கையை ஆட்டினாள். அவளுக்குப் பின்னால் பெட்டியை இழுத்துக்கொண்டு தூக்கக் கலக்கத்தோடு லியாங் வந்தான்.

"ஏய் ஷுவாங், ஊர்ல இருக்கிற நாயெல்லாம் ஓடி வரும்டி, அத முதல்ல உள்ள வை" என்றான் லியாங்.

நான் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். விசில் இல்லாமல் வெளியே போனால் எனக்குச் செருப்பில்லாமல் போன மாதிரி இருக்கும். அதுவும் அன்றைக்கு அது கட்டாயம் வேண்டும். கையில் இருந்தது ஒரே ஒரு நாள்.

பெய்வெனும் லியாங்கும் நானும் கல்லூரியில் நாலு வருஷம் ஒன்றாகப் படித்தவர்கள். பெய்வெனும் நானும் ஒரே அறை. படிப்பு முடிந்து ஆறு வருஷம் ஆகிறது. இப்போது அவளுக்கு இரண்டு அருங்காட்சியகங்களில் வேலை கிடைத்திருந்தது. இரண்டிலும் உடைந்த பழைய மண்பாண்டங்களை ஒட்டுகிற வேலைதான். ஒன்று ஷாங்காயில், அவளுடைய சூசோவிலிருந்து அரை மணி நேர ரயில் பயணம். மற்றது எங்கள் சியானில். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் இரண்டு இடத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும். "உங்க ஊர ஒரு நாள் சுத்திப் பாக்குறேன், சாப்பிடுறேன். அப்புறம் சொல்றேன்" என்று போனில் சொல்லியிருந்தாள். அந்த வெள்ளிக்கிழமைதான் இது.

அவள் இங்கே வந்துவிட வேண்டும் என்று எனக்கு இருந்த ஆசையைச் சொல்லி முடியாது. இந்த ஆறு வருஷத்தில் எனக்குத் தோழிகளே கிடைக்கவில்லை என்று இல்லை. ஆனால் நான் கோபத்தில் கத்தும்போது பயப்படாமல் சிரிக்கிறவள் அவள் ஒருத்திதான்.

அதனால் பள்ளிக்கூட விளையாட்டு விழாவுக்குப் போடுவது போல நிமிஷக் கணக்கில் ஒரு அட்டவணை போட்டிருந்தேன்.

ஏழே காலுக்கு மிளகு தூக்கலாக, கறி உருண்டை போட்ட சூடான சூப். லியாங் குவாங்சோக்காரன்; அவன் ஊரில் காலைச் சாப்பாடு என்றால் டீயை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்காருவார்கள். "வாய் எரியுதுடி, கொஞ்சம் ஆறட்டும்" என்றான். ஆற விடவில்லை. எட்டு மணிக்கு நகரக் கோட்டைச் சுவர் மேலே ஏறி ஆளுக்கு ஒரு வாடகை சைக்கிள். சுவர் மேலேயே ஊரைச் சுற்றி வந்தால் பதினாலு கிலோமீட்டர்.

"ஒரு மணி நேரத்துல முடிக்கிறோம். கிளம்பு!" என்று விசில் ஊதினேன்.

"இது சுத்திப் பாக்குறதா, பரீட்சையா?" என்றாள் பெய்வென். ஆனாலும் மிதித்தாள்.

காற்று முகத்தில் அடித்தது. ஒரு பக்கம் பழைய ஓட்டு வீடுகள், மறு பக்கம் அடுக்குமாடிகள், கீழே அகழித் தண்ணீர். சக்கரம் செங்கல்லில் தடதடத்து மூன்று பேருக்கும் பல் ஆடியது. கத்திக்கொண்டே போனோம். லியாங் பழைய கல்லூரிப் பாட்டை அபஸ்வரமாகப் பாடினான். எனக்குச் சந்தோஷம் தலைக்கேறிவிட்டது. வழியில் பெய்வென் ஒரு செங்கல்லின் மேல் குனிந்து, "இங்க பாருடி, சுட்டவனோட பேர் அச்சு இருக்கு" என்றாள். "அப்புறம் பாக்கலாம் வா" என்று இழுத்துக்கொண்டு போனேன்.

பிறகு மணிக் கோபுரம், முரசுக் கோபுரம். அதன் பின்னால் முஸ்லிம் தெரு. அங்கே இடி, நெரிசல், புகை, சீரக வாசனை. ரொட்டிக்குள் கொத்துக்கறி. தக்காளி மாதிரி இருக்கும் பெர்சிமன் பழத்தைப் பிசைந்து எண்ணெயில் பொரித்த அடை. மிளகாயெண்ணெயில் புரண்ட குளிர்ந்த பட்டை நூடுல்ஸ். அப்போதே பிழிந்த மாதுளைச் சாறு. எதையும் முழுசாகச் சாப்பிட விடாமல் அடுத்த கடைக்கு விரட்டினேன்.

"நல்லா இருக்கா? நல்லா இருக்குல்ல? சூசோவுல கிடைக்குமா இது?"

"நல்லா இருக்குடி" என்றாள் பெய்வென்.

பன்னிரண்டு மணிக்கு இப்படிச் சொன்னாள். இரண்டு மணிக்கு வெறுமனே தலையாட்டினாள். நாலு மணிக்கு அதுவும் இல்லை. ஒரு கடை ஓரத்தில் சாய்ந்துகொண்டு காலைத் தேய்த்தாள். லியாங் என்னைத் தனியே இழுத்து, "நீ அவளுக்கு ஊரக் காட்டல, ஊர விட்டுத் துரத்திட்டு இருக்க" என்றான்.

"நீ வாய மூடு. கடைசியா ஒண்ணு பாக்கி இருக்கு. அதுல விழுந்துருவா பாரு."

அந்தக் கடைசி ஒன்று, மா என்கிற சமையல் மாஸ்டரின் ஆட்டுக்கறிக் கடை. சந்துக்குள் இருக்கிறது, எட்டு மேசைதான். ஆளுக்கு ஒரு வெறுங்கிண்ணமும் இரண்டு கெட்டி ரொட்டியும் கொண்டுவந்து வைப்பார்கள். ரொட்டியை நாமே கையால் துளித்துளியாகப் பிய்த்துக் கிண்ணத்தில் போட வேண்டும். பிறகு கிண்ணத்தில் எண் போட்ட கிளிப்பை மாட்டிச் சமையலறைக்கு அனுப்புவார்கள். ஒரே மேசைக் கிண்ணங்கள் எல்லாம் வந்து சேர்ந்த பிறகு மாஸ்டர் அதைக் கறிச் சாற்றில் கொதிக்கவைத்து, கறித் துண்டும் கண்ணாடி நூடுல்ஸும் போட்டு அதே கிண்ணத்தில் திருப்பித் தருவார்.

கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தோம். நான் ஆரம்பித்தேன். "தேனீத் தலை அளவு இருக்கணும். மாஸ்டர் நம்ம மூஞ்சியப் பாக்க மாட்டாரு. கிண்ணத்த மட்டும் பாப்பாரு. துண்டப் பாத்தே இவன் உள்ளூரா வெளியூரான்னு சொல்லிருவாரு. நீங்க ரெண்டு பேரும் இன்னிக்கு மாட்டினீங்க. நான் பொறந்ததுலேருந்து பிச்சிட்டு இருக்கேன்."

"பெருமை ஆரம்பிச்சாச்சு" என்றான் லியாங்.

மணி நாலு நாற்பது. ஆறுக்குள் பதில். கை ரொட்டியைப் பிய்த்தது, வாய் நிற்கவில்லை. எங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் எத்தனை ஆயிரம் உடைந்த பானை ஒட்டுவதற்காகக் காத்திருக்கிறது, என் வீட்டில் ஒரு அறை எப்படிச் சும்மா கிடக்கிறது, ஷாங்காயில் எப்படி ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பதில்லை என்றெல்லாம் வாய் ஓயாமல் பேசினேன். நடுநடுவே கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நிமிஷத்தில் முடித்துக் கிண்ணத்தை அனுப்பினேன். லியாங்கும் அனுப்பிவிட்டான்.

பெய்வென் இன்னும் முதல் ரொட்டியிலேயே இருந்தாள்.

நண்டை ஓடு உடையாமல் தின்று, மறுபடியும் நண்டு மாதிரியே அடுக்கி வைக்கிற ஊர்க்காரி அவள். ரொட்டியை முதலில் நாலாக்கினாள். ஒவ்வொன்றையும் குறுக்கே பிளந்தாள். பிறகு நகம் படாமல், விரல் நுனியால் கிள்ளிக் கிள்ளிப் போட்டாள். காலையிலிருந்து அவள் ஓரிடத்தில் நிம்மதியாக உட்கார்ந்ததே அப்போதுதான். பக்கத்து மேசையில் இரண்டு அம்மாக்கள் மருமகள்களைப் பற்றிக் குறை பேசிக்கொண்டே பிய்த்தார்கள். அதைக் கேட்டு அவள் தனக்குள் சிரித்தாள். எனக்கோ பொறுக்கவில்லை.

"போதும்டி, மணி அஞ்சேகால்!"

"இரு" என்றாள்.

ஒருவழியாக அவள் கிண்ணமும் உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் சமையலறைத் திரைச்சீலை விலகியது. வெள்ளைக் குல்லாவும் கரண்டியுமாக மா மாஸ்டரே வெளியே வந்தார். கையில் ஒரு கிண்ணம். வேகாத ரொட்டித் துண்டுகள் அப்படியே இருந்தன.

"ஏழாம் நம்பர் யாரு?"

ஏழு என்னுடையது.

"வெளியூரா?" என்று கேட்டார். "ரயிலுக்கு நேரமாச்சா? என்னம்மா இது, கோழிக்குப் போட்டாக்கூடத் தொண்டையில சிக்கும். இத வேக வெச்சா வெளிய கூழு, உள்ள கல்லு. என்னால முடியாது. மறுபடி பிச்சுக் குடு."

கடை முழுக்கச் சிரித்தது. மருமகளைத் திட்டிக்கொண்டிருந்த இரண்டு அம்மாக்களும் சிரித்தார்கள். லியாங் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். அவன் கிண்ணம்கூடத் தேறிவிட்டதாம்.

"மாஸ்டர், நான் இந்த ஊருதான்! மேற்கு வாசல் பக்கத்துல பொறந்தவ!"

"அப்படியா? வெளிய சொல்லாத" என்றார். பிறகு மேசையை ஒரு சுற்றுப் பார்த்தார். "ஒன்பதாம் நம்பர் யாரு?"

பெய்வென் மெதுவாகக் கையைத் தூக்கினாள்.

"எந்தத் தெரும்மா?"

"சூசோ, மாஸ்டர்."

அவர் கரண்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "முப்பது வருஷத்துல இன்னிக்குத்தான் தப்பாச் சொல்லியிருக்கேன். உள்ளூர்னு பந்தயமே கட்டிட்டேன் உள்ள" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

என் மானம் கப்பலேறியது. கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வந்தது, ரொட்டிக்காக இல்லை. ஊரைக் காட்டுகிறேன் என்று அவளை ஊர் முழுக்க ஓடவிட்டு, கடைசியில் சொந்த ஊரிலேயே நான் வெளியூராகிவிட்டேன். இவள் எதற்காக இங்கே வருவாள்?

பெய்வென் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் கிண்ணத்திலிருந்து பாதித் துண்டுகளைத் தன் பக்கம் தள்ளிக் கிள்ள ஆரம்பித்தாள்.

"அஞ்சே முக்கால்டி" என்றேன்.

"ஆமா, பதில் அனுப்பணும். என் கை பூரா ரொட்டிப் பொடி. நீயே அடி. போன் பையில இருக்கு, நான் மத்தியானமே பேர் போட்டுத் திறந்து வெச்சிருக்கேன்."

போனை எடுத்தேன்.

"மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு" என்று அவள் சொல்லச் சொல்ல அடித்தேன். "என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு மிக்க நன்றி. மிகவும் யோசித்தேன்." ஒரு துண்டைக் கிள்ளிப் போட்டாள். "மன்னிக்கவும். என்னால் அங்கே வந்து சேர முடியாது."

'முடியாது' என்று அடித்து முடிப்பதற்குள் திரை மங்கிவிட்டது. மூக்கை உறிஞ்சினேன். சத்தம் போடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"அனுப்பு" என்றாள்.

அனுப்பினேன். கண்ணீர் பொட்டென்று என் ரொட்டி மேலேயே விழுந்தது.

லியாங் எட்டிப் பார்த்தான். "அடி லூசு, யாருக்கு அனுப்பினன்னு பாத்தியா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். மேலே பெயர் இருந்தது. ஷாங்காய் அருங்காட்சியக இயக்குநர்.

"இங்க இருக்கிறவங்களுக்கு மத்தியானம் மாதுளைச் சாறு குடிக்கும்போதே வர்றேன்னு அனுப்பிட்டேன்" என்றாள் பெய்வென், தலை நிமிராமல். "சொல்லலாம்னுதான் பாத்தேன். எங்க விட்ட? நல்லா இருக்கா, நல்லா இருக்கான்னு ஓடிட்டே இருந்த. இதையாவது நிதானமாப் படிப்பன்னு பாத்தா, இதையும் படிக்கல."

நான் எழுந்து விசிலை எடுத்து ஊதினேன் பாருங்கள், அந்தச் சந்தே அதிர்ந்தது. திரைச்சீலைக்குப் பின்னால் ஏதோ பாத்திரம் விழுந்தது. அவளைக் கட்டிக்கொண்டு குதித்தேன்; இரண்டு பேர் தலையிலும் ரொட்டிப் பொடி. "உட்காரு, பிச்சு முடி" என்றாள் அவள், சிரித்துக்கொண்டே. உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

முடித்ததும் கிண்ணத்தை நானே சமையலறைக்கு எடுத்துக்கொண்டு போனேன். மா மாஸ்டர் வாங்கி, விரலால் ஒருமுறை அளைந்து பார்த்தார்.

"இதுல பாதி அந்த சூசோப் பொண்ணு பிச்சது. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?" என்றார். "இன்னிக்குப் போகட்டும். அடுத்த வாரம் வந்து முழுசா நீயே பிச்சுக் காட்டணும். அவ உதவிக்கு இருக்க மாட்டா."

"இருப்பா மாஸ்டர்" என்றேன். "அடுத்த வாரமும் இருப்பா."