குடல்வாலும் இரண்டு முத்தங்களும்

1

இந்தக் கதை ஒரு மலக்குடலில் தொடங்கியது. கௌரவமான குடும்பத்தின் கதை அங்கேயா தொடங்குவது என்று மூன்று தாள்களைக் கிழித்துவிட்டு, இப்படி எழுதினேன்:

1981, புதுச்சேரி. பிரெஞ்சு ராணுவத்தில் சார்ஜெண்டாக இருந்து ஓய்வுபெற்ற க்சாவியேவின் வீர இதயத்தில் ஒரு கட்டி...

(இந்தப் பொய் நிற்கவில்லை. இதயத்தில் ஆபரேஷன் ஆனவரிடம், "காத்து பிரிஞ்சுதா?" என்று டாக்டர் தினமும் கேட்கமாட்டார். க்சாவியே என் தம்பி அல்ல. தம்பியாக இருந்தாலும் இதையேதான் சொல்வேன்.)

2

ஆகவே, மலக்குடல். புற்றுநோய். அறுத்தாயிற்று. க்சாவியேவின் மனைவி ஜெர்மேனிடம் டாக்டர் சொன்னார்:

"கட்டிய எடுத்தாச்சும்மா. ஆனா இவ்ளோ பெரிய ஆபரேஷனுக்கு அப்புறம் ஒடம்போட எதிர்ப்பு சக்தி கொஞ்ச நாள் அசந்து கெடக்கும். கிருமிய அடிக்கிற வெள்ளணுவுக்குத் தெம்பு இருக்காது. தப்பிச்ச புத்துநோய் அணு இருந்தா அதையும் அதுதான் புடிக்கணும். சளி, இருமல்னு யாரு வந்தாலும் உள்ள விடாதீங்க."

படுத்திருந்தவருக்கு அவமானமாகிவிட்டது. "காவல்ல தூங்கறானா? என் ரத்தத்துலயா? கழுத்தப் புடிச்சி வெளிய தள்ளுவேன்!"

"தள்றதுக்கு மொதல்ல எழுந்து நில்லுங்க," என்றாள் ஜெர்மேன்.

3

மகள் சூசானுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நோயின் பெயர் வெளியே போனால் மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்குவார்கள். ஆகவே க்சாவியே அறிவித்தார்: குடல்வால் ஆபரேஷன். நல்ல நோய், யாருக்கும் வரும், பரம்பரையைத் தொடாது. ஒன்றை மட்டும் நாங்கள் யோசிக்கவில்லை. (நாங்கள் என்பதை அவர்கள் என்று படிக்கவும்.) குடல்வால்காரரைப் பார்க்க வருகிறவரை வாசலில் நிறுத்தக் காரணம் கிடையாது.

4

மாப்பிள்ளையின் தாய் கன்னியம்மாள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடும் இருமலோடும் ஆஸ்பத்திரிக்கு வந்தார். பிரெஞ்சுப் பழக்கமுள்ள எங்கள் குடும்பங்களில், பார்க்க வந்தவர் நோயாளியின் இரு கன்னத்திலும் முத்தம் வைக்காமல் போவது பாதி விரோதம்.

"நகருங்க சம்பந்தி. ரெண்டு முத்தம் குடுத்துட்டுப் போயிடறேன்."

ஜெர்மேன் கதவைப் பிடித்துக்கொண்டாள். "தூங்கறாருங்க."

"யாரது? உள்ள வரச் சொல்லு!" என்றார் உள்ளிருந்து க்சாவியே.

"நல்லாத் தூங்கறாரு," என்றாள் ஜெர்மேன். கன்னியம்மாள் கைக்குட்டையில் இருமினார். "குடல்வாலுக்கா இவ்ளோ காவலு? என் மூத்தவனுக்கு எடுத்தப்போ ஊரே வந்து கொஞ்சிட்டுப் போச்சி. எங்க சம்பந்தம் கசக்குதுன்னா சொல்லிடுங்க, வேற பொண்ணு பாத்துக்கறோம்."

5

முதல் முடிவு: ஜெர்மேன் விலகுகிறாள். முத்தங்கள் பதிகின்றன. கல்யாணமும் நடக்கிறது. அப்பாவுக்குப் பதில் சூசான் யார் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குள் நடந்து வந்தாள் என்ற வரியை எழுத வரவில்லை.

இரண்டாம் முடிவு: "புத்துநோய்ங்க. மலக்குடல்ல," என்கிறாள் ஜெர்மேன்.

இதை எழுதி, அடித்தேன். எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை யாரும் சொன்னதில்லை. அடித்த பிறகும் அவள் கதவிலிருந்து கையை எடுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவள் இப்படிப் பார்ப்பாள் என்று நான் எந்தத் தாளிலும் எழுதவில்லை.

குடும்ப மானத்தைக் காப்பது என் பொறுப்பு. மனிதரைக் காப்பதை உங்களிடம் விடுகிறேன். கன்னியம்மாள் கைக்குட்டையை இடுப்பில் செருகிவிட்டார். ஒரு கால் வாசற்படிக்கு உள்ளே வந்துவிட்டது. க்சாவியே கன்னத்தைத் திருப்பிக் காத்திருக்கிறார்.

என்ன எழுத? சீக்கிரம் சொல்லுங்கள்.