வட்டத்துக்குள் சொன்னது

"நல்லா இருக்கேன்."

"நல்லா இருக்கேன்."

"நல்லா இருக்கேன்."

ரயில் பெட்டிகள் போல ஒன்றன்பின் ஒன்றாக அதே பதில். மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலியில் மேலிடத்திலிருந்து பார்வையிட வந்த பெண் அதிகாரி. அவருக்குப் பின்னால் ஹெச்.எம்., மூச்சைப் பிடித்துக்கொண்டு.

தினமும் பாடம் தொடங்கும் முன்னால் இந்த வட்டம் கூடும். மனசில் இருப்பதை யாரும் சொல்லலாம். நாய் செத்துப்போச்சு, தம்பி பிறந்ததிலிருந்து என்னை யாரும் தூக்குவதில்லை, கணக்கு என்றாலே வயிறு வலிக்கிறது, எதுவானாலும். ஒரே ஒரு விதி: வட்டத்தில் பேசியது வட்டத்தோடு. டீச்சரே போட்ட விதி.

போன மாதம் வரை மணி அடித்தாலும் பேச்சு நிற்காது. இன்று மணிக்கு வெகு முன்னாலேயே சுற்று முடியப் போகிறது.

கடைசியில் கடுகு. ஆள் சிறுசு, காரம் பெருசு. பெயர் அப்படி வந்தது. பள்ளி வேன் டிரைவரின் மகள்.

"நல்லா இருக்கேன் மேடம்," என்றாள் அதிகாரியைப் பார்த்து. டீச்சர் பக்கம் திரும்பவே இல்லை.

அதிகாரி பூரித்துப்போனார். "ஒரு முகம்கூட வாடல. இவ்வளவு சந்தோஷமான வகுப்பை நான் பாத்ததில்ல."

கைதட்டினார்கள். டீச்சரும் சிரித்து வைத்தாள்.

அதிகாரியின் கார் கிளம்பியதும் ரேடியோவைப் பிடித்தாள். வாய் மூடாத பையன். அவனிடம் கேட்டால் ஊர்க்கதை வரும்.

"டேய் ரேடியோ, என்னடா எல்லாரும் ஒரே பாட்டைப் பாடுறீங்க?"

"பேசி வச்சிருக்கோம் டீச்சர்."

"என்னன்னு?"

"வட்டத்துல ஒண்ணும் சொல்லக்கூடாதுன்னு. சொன்னா வாசலுக்கு வந்துடுதுல்ல. கடுகு சொன்னது வந்துச்சே."

"எப்படிடா வந்துச்சு?"

"பி.டி. சார் வேன்கிட்ட வந்து, 'என்னண்ணே, இன்னிக்குக் குழாயத் தொறந்தாச்சா?'ன்னு கடுகு அப்பாவக் கேட்டாரு. பெரிய க்ளாஸ் பசங்க சிரிச்சாங்க. நாங்க சிரிக்கல டீச்சர். எங்களுக்குத்தான் தெரியுமே."

தெரியும். கடுகு அன்று வட்டத்தில் சொன்னது இதுதான்: 'அம்மா செத்ததுக்கப்புறம் அப்பா குளிக்கறப்போ அழறாரு. குழாயத் தொறந்து விட்டா எனக்குக் கேக்காதுன்னு நினைச்சுக்கறாரு.'

விளையாட்டுச் சாமான் அறைக்கு டீச்சர் போன வேகத்தில் கதவு சுவரில் மோதித் திரும்பியது. பி.டி. மாஸ்டர் பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"சார், உங்களுக்கு மூளை இருக்கா? குழந்தை நம்பிச் சொன்னதை வாசல்ல நின்னு ஏலம் போடுவீங்களா?"

பம்பு நின்றது. "ஏலம் போட்டது நான்தான். தப்புதான். ஆனா சரக்கு யாரோடது டீச்சர்?"

"என்ன உளர்றீங்க?"

"எனக்கு எப்படித் தெரியும்? கனவுலயா வந்துச்சு?"

டீச்சருக்கு ஞாபகம் வந்தது.

போன மாதம் ஒரு நாள், ஆசிரியர் அறை. டீ வேளை. வேன் ஏன் தினமும் லேட் என்று யாரோ அலுத்துக்கொள்ள, அவள்தான் சொன்னாள், "லேட்டாகாம? மனுஷன் குழாயத் தொறந்து விட்டு ஒரு பாட்டம் அழுதுட்டுல்ல வரணும்." சொன்னதோடு நிற்கவில்லை. எழுந்து நின்று, இல்லாத குழாயைத் திருகி, தோளைக் குலுக்கி அழுதும் காட்டினாள். அறையே விழுந்து விழுந்து சிரித்தது. அவளும் டீயைக் குடித்தாள், டீயோடு மறந்தும் போனாள்.

அவளைக் கொன்றது அந்த மறதி.

மாலை. பிள்ளைகள் ஏறுவதற்கு முன்னால் டிரைவர் வேனுக்குள் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்தக் குழாய் விஷயம்... பி.டி. சாருக்குச் சொன்னது நான்தான்."

அவர் துணியை உதறினார். "நடிச்சுக் காட்டினீங்களாமே."

டீச்சருக்குப் பூமி பிளந்தால் தேவலை போலிருந்தது.

"என்னை விடுங்க டீச்சர். இப்பல்லாம் பல்லைக் கடிச்சுக்கறேன், சத்தம் வர்றதில்ல. பொண்ணு இருக்கறதைத்தான் பாக்க முடியல. 'எப்படிம்மா இருக்கே'ன்னா, 'நல்லா இருக்கேன்'ங்கறா. என்னைக் கேட்டா நானும் அதையேதான் சொல்றேன். வீட்டுல ரெண்டு பேரும் நல்லா இருக்கோம்."

அவர் அடுத்த சீட்டுக்கு நகர்ந்தார்.

"அப்பாவ மாட்டி விட்டுட்டோம்னு நினைச்சுட்டிருக்கா. நான் சொன்னா நம்பல. மாட்டி விட்டது யாருன்னு நீங்களே சொல்லுங்க. எல்லார் எதிர்லயும் சொல்லுங்க."

மறுநாள் காலை வட்டம் கூடியது. டீச்சர் முந்திக்கொண்டாள்.

"இன்னிக்கு முதல்ல நான். நான் நல்லா இல்ல. கடுகு இங்க சொன்னதை வெளியில சொன்னது நான்தான். சிரிக்க வைக்கணும்னு சொன்னேன். விதியைப் போட்டதும் நான், உடைச்சதும் நான். கடுகு மேல ஒரு தப்பும் இல்ல."

'பரவால்ல டீச்சர்' என்று ஏதாவது ஒரு குரல் வரும் என்று எதிர்பார்த்தாள். குழந்தைகள் அதைச் சுலபமாகத் தருவார்கள். இன்று யாரும் தரவில்லை.

"நடிச்சீங்களாமே," என்றாள் கடுகு. "எப்படி?"

"வேண்டாம்மா."

"அவங்களுக்கு மட்டும் காட்டினீங்க."

டீச்சரின் கை உயர்ந்தது. காற்றில் ஒரு குழாயைத் திருகியது. தோள் ஒரே ஒரு முறை குலுங்கியது. அதற்கு மேல் முடியவில்லை. கை அப்படியே மடியில் விழுந்தது.

கடுகு உற்றுப் பார்த்தாள். "எங்கப்பா அப்படி இல்ல."

அவள் வட்டத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தாள்.

"டீச்சர் வெளியில உக்காரட்டும்," என்றாள் கடுகு.

"எவ்ளோ நாளைக்கு?" ரேடியோ கேட்டான்.

"தெரியல."

டீச்சர் எழுந்தாள். வகுப்பறைக் கதவோரம் போய் உட்கார்ந்தாள். அவள் விட்டுப்போன இடைவெளியை இரண்டு பக்கமும் குழந்தைகள் நகர்ந்து அடைத்தார்கள். தலைகள் நெருங்கின.

கடுகின் குரல்தான் முதலில் எழுந்தது. மெல்லிய குரல், நீளமான பேச்சு. 'நல்லா இருக்கேன்' இல்லை, அது மட்டும் தெரிந்தது.

வராந்தாவில் போன ஹெச்.எம். எட்டிப் பார்த்தார். "என்ன டீச்சர், வாசல்ல உக்காந்திருக்கீங்க? உள்ள என்ன பேசுதுங்க பிள்ளைங்க?"

"தெரியாது மேடம்."

"இங்க இருந்தாக் கேக்குமே."

கேட்கத் தொடங்கியிருந்தது. "அப்பா" என்ற சொல் அவள் காதில் விழுந்தது.

டீச்சர் எழுந்து, ஹெச்.எம்.மைக் கையோடு அழைத்துக்கொண்டு வராந்தாவின் மறுகோடிக்கு நடந்தாள்.