டெல்சி வீட்டுக் கருமணல்

மணவாளக்குறிச்சியில் டெல்சியின் பெயருக்குக் குப்பை மெயில் ஒன்று வந்தால், அவள் வீட்டு முற்றத்தில் ஒரு கைப்பிடி கருமணல் விழும். சாளை மீன் கிலோ நூற்றிருபதுக்கு விற்ற வருஷத்தில் இது தொடங்கியது. முதல் நாள் இரண்டு கைப்பிடி: ஒன்று லண்டன் லாட்டரி, மற்றது வழுக்கைக்கு எண்ணெய்.

அந்த மெயில் விலாசம், அவள் புருஷன் ஆன்ஸ்லின் ஈரான் பக்கத்துத் தீவொன்றுக்கு மீன்பிடிக்கப் போகும்போது உண்டாக்கிக் கொடுத்தது. அங்கே வாட்ஸப் ஓடாது. முதலாளியின் ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து மாதம் ஒரு மெயில் போடுவான். ஆறு மெயில் வந்தது. ஏழாவது மாதம் அவன் போன படகு திரும்பவில்லை. மூழ்கியது என்று ஒரு பேச்சு, எல்லை தாண்டிப் பிடிபட்டது என்று இன்னொரு பேச்சு. ஜெயிலில் இருந்தால் அவன் மனப்பாடமாக அறிந்த விலாசம் அது ஒன்றுதான். ஆகவே மணல் விழுகிறது என்பதற்காக அதை மூடிவிட முடியாது.

அவள் செய்த பிழை வேறு. கடற்கரையில் வளர்ந்தவளுக்கு, வந்த கடிதத்துக்குப் பதில் போடாமலிருப்பது வீட்டுக்கு வந்தவரை வாசலில் நிறுத்துவது போல. ஒவ்வொன்றுக்கும் எழுதினாள்: 'சேசு மரி சூசை துணை. ஐயா, எங்களுக்கு லாட்டரி வேண்டாம். உங்கள் குடும்பம் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.' சந்தையில் வேண்டாம் என்று வாய் திறந்தவளைத்தான் வியாபாரி தெருக்கோடிவரை துரத்துவான். இரண்டு வருஷத்தில் நாளொன்றுக்கு நானூறு கைப்பிடி விழுந்து, மணல் ஜன்னல்வரை ஏறியது. மணலில் தாது எடுக்கும் கம்பெனிக்காரர்கள் வந்து காந்தம் வைத்துப் பார்த்து, நிறம் இருக்கிறது, சரக்கு இல்லை என்று கையைத் தட்டிவிட்டுப் போனார்கள். கருமணலுக்கு விலையுள்ள ஊரில் இதை இனாமாகக்கூட யாரும் அள்ளவில்லை.

கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் ஷிபா தலையில் கைவைத்தாள்.

"எக்கா, கண்டவனுக்கெல்லாம் ஏன் பதில் போடுதிய? இங்க ஆளு உண்டுன்னு அவனுக்குத் தெரிஞ்சு போச்சில்லா."

"மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்லாண்டாமா மக்கா?"

"ஆயிரம் பேருக்கு ஒரே நேரம் அனுப்புத மெசினுக்கு என்ன மரியாத?"

தெரிந்த விலாசங்களுக்கு மட்டும் வழிவிட்டு, மற்றதெல்லாம் குப்பைப் பெட்டிக்குப் போகும்படி ஷிபா மாற்றினாள். அன்றிலிருந்து மணல் வீட்டுக்குப் பின்னால், தென்னையின் அடிமூட்டில் விழுந்தது. விழுந்த ஒவ்வொரு பிடியும் முப்பதாம் நாள் தானாகக் காணாமல் போனது. முற்றத்து மணலைப் பதினோரு நாளில் வாரித் தள்ளி, டெல்சி வாசல் கதவை முழுதாகத் திறந்தாள். நன்றாகத் தூங்கினாள்.

ஐந்தாவது மாதம் ஒரு காலையில், விழுந்த மட்டையை எடுக்கப் பின்னால் போனவள், மணல் குவியலின் ஓரத்தில் ஒரு பிடி வெள்ளை மணலைக் கண்டாள். ஈரமாக இருந்தது. அதுவரை விழுந்த எதிலும் ஈரம் இருந்ததில்லை. அள்ளினாள். ஆன்ஸ்லின் சட்டையின் டீசல் வாசனை. உள்ளே அவன் கழுத்தில் போட்டிருந்த மாதா படத்து உத்தரியத்தின் பழுப்புக் கயிறு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கையிலிருந்து எல்லாம் மறைந்தது. ஈரம் மட்டும் நின்றது.

செருப்பில்லாமல் ஓடினாள். ஷிபா குப்பைப் பெட்டியைத் திறந்து தேதிகளைப் பார்த்தாள்.

"காலம்பற வரைக்கும் இருந்திருக்கும்க்கா. முப்பது நாளு ஆச்சுன்னா தன்னால அழிஞ்சிரும். புது விலாசத்திலிருந்து போட்டிருப்பாரு."

"திரும்ப எடுக்க ஒக்காதா மக்கா?"

ஷிபா குப்பைப் பெட்டியை இன்னொரு முறை தேடினாள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள்.

டெல்சி அன்றைக்கே தடையை நீக்கச் சொன்னாள். எந்த ஜெயில், எந்த நாடு என்பது அந்தப் பிடியோடு போயிற்று. மணல் மறுபடியும் முற்றத்தில் விழத் தொடங்கி, ஒன்பது வருஷத்தில் வீட்டை மூடியது. இப்போது கூரை முகடு மட்டும் தெரிகிறது. நான்கு ஓடுகளை நீக்கி, அதன் வழியே ஏறி இறங்குகிறாள். மின்வாரியத்தார் மீட்டரைக் கூரைக்கு மாற்றித் தந்தார்கள். திருவிழாச் சப்பரம் அந்த மேட்டைச் சுற்றிக்கொண்டு போகிறது. அவள் யாருக்கும் பதில் எழுதுவதில்லை. விடிந்ததும் முகட்டில் உட்கார்ந்து, விழும் ஒவ்வொரு பிடியையும் தொட்டுப் பார்க்கிறாள்.

மீன் வண்டிக்காரர் ஜேசுதாஸ் தினமும் கீழே நின்று கேட்பார்.

"ஏட்டி டெல்சி, ஈரம் உண்டா?"

"இல்ல அண்ணே. எல்லாம் காஞ்சதுதான்."

அவர் சரி என்று ஹாரன் அடித்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போவார். சாளை இப்போது கிலோ இருநூற்று நாற்பது.