எல்லாச் சத்தமும் இடது பக்கம்

1

"எந்தப் பக்கம்ங்க?"

"இடது பக்கம்."

"போன வாட்டியும் இடதுன்னுதான சொன்னீங்க."

"சத்தம் அங்கதான வருது. கொஞ்சம் தள்ளி உக்காருன்னு அதுகிட்ட சொல்லவா?"

எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். மலேசியாவின் ஈப்போ, புந்தோங்கில் ஒரு காடிப் பட்டறை; காருக்கு இங்கே காடி என்றுதான் பெயர். என் காடிக்கு எண்ணெய் மாற்றக் காத்திருந்தபோது முதலாளியும் அவர் மனைவியும் பேசிக்கொண்டது. அந்த அம்மாள் பதில் தெரிந்துகொண்டே கேட்டதுபோல் இருந்தது. மீதியை நானே கட்டினேன். அவர்களுக்கு நாகேந்திரன், புனிதவதி என்று பெயர் வைத்ததும் நான்தான்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மழை விட்ட மாலையில், காடிக்கு அடியில் படுத்தபடி நாகேந்திரன் தன் வாழ்க்கையை...'

வேண்டாம். காடிக்கு அடியில் படுத்திருப்பவன் நட்டைப் பற்றித்தான் யோசிப்பான்.

புனிதவதியிடமிருந்து தொடங்குகிறேன். பத்தொன்பது வருடங்களாகப் பட்டறை முகப்பில் உட்கார்ந்திருப்பவள். கண்ணை மூடிக்கொண்டே எந்தக் காடி வாசலில் திரும்புகிறது என்று சொல்வாள். புகைக்குழாயை மூடிய தகடு ஆடினால் தகர டப்பாவில் கல் உருளும் சத்தம். மேட்டில் ஏறும்போது 'டொக்' என்றால் சக்கரத்தைத் தாங்கும் அடிக்கையின் ரப்பர் போயிருக்கும். இதையெல்லாம் யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. யாரும் அவளிடம் கேட்டதும் இல்லை. காடியின் சத்தத்தைக் கேட்டுப் பழுது சொல்ல ஊரே தேடி வருவது நாகேந்திரனைத்தான். 'காது நாகா' என்றுதான் அவனுக்குப் பெயர்.

3

பட்டறைக்குப் பின்னால் ஒரு நீண்ட சந்து. ஒரு பக்கம் முழுக்க, மூடிப்போன ஐஸ் தொழிற்சாலையின் மதில். காடியை அந்த மதிலை ஒட்டி, சன்னலை இறக்கிவிட்டு ஓட்டினால், அடியில் எழும் சத்தம் சுவரில் பட்டு நேராகக் காதுக்கு வரும். போகும்போது இடப்பக்கம் கேட்கலாம். திரும்பும்போது மதில் வலப்பக்கம் வந்துவிடும். அந்தப் பக்கம் கேட்கலாம். நாகேந்திரன் தனியாகத்தான் போவான். கல்யாணமான புதிதில் "நானும் வரட்டுமா?" என்று அவள் கேட்டபோது, "ஆள் ஏறுனா கனம் மாறும், கனம் மாறுனா சத்தம் மாறும்" என்றான். அவள் மறுபடி கேட்கவில்லை. ஆனால் அவன் சந்துக்குள் திரும்பும் ஒவ்வொரு முறையும் அந்தக் கேள்வி அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டுப் போகும்.

(இங்கே காதலைக் கொஞ்சம் தூவலாமா என்று யோசித்தேன். தூவியாகிவிட்டது என்று நினைக்கிறேன்.)

4

இனி அலமாரி. கழற்றிய பழைய சக்கர பேரிங்குகளை*, எந்தப் பக்கத்தில் எடுத்தது என்று வெள்ளை மையில் எழுதி, அவன் அங்கே அடுக்குவான். ஒரு செவ்வாய்க்கிழமை தூசி தட்டும்போது புனிதவதி கவனித்தாள். கடைசி நான்கும் 'இடது'.

ஒன்றை எடுத்து விரலால் சுழற்றினாள். தேய்ந்த பேரிங் கையில் கரகரக்கும். இது வெண்ணெயில் ஓடுவதுபோல் ஓடியது. நான்கில் மூன்று அப்படித்தான். நல்லதைக் கழற்றிவிட்டு, கெட்டதைக் காடியிலேயே விட்டு அனுப்பியிருக்கிறான்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் அவனுக்கு வலப்பக்கமாக நின்று, "மீன் வேணுமா?" என்று மெதுவாகக் கேட்டாள். அவன் ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். இடப்பக்கம் வந்து அதே குரலில் கேட்டாள்.

"வேணாம்னா விட்டுருவியா?" என்றான்.

அவள் சிரித்துவிட்டு, அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டாள். இருபத்தைந்து வருடம் காற்றுத் துப்பாக்கியால் நட்டு கழற்றிய வலக்கை. அந்த இரைச்சலுக்குப் பக்கத்திலேயே இருந்த வலக்காது.

* பேரிங் என்பது சக்கரம் உரசாமல் சுழல உதவும் குண்டு வளையம். தேய்ந்தால் வேகத்தோடு ஏறும் ஓர் ஊளை. கவனிக்காமல் விட்டால் சக்கரமே ஆடும். காடியைத் தூக்கி, சக்கரத்தைச் சுற்றி, ஸ்பிரிங்கில் கை வைத்தாலே நடுக்கம் தெரியுமே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்கலாம். தெரியும். ஆனால் காது நாகா கை வைத்துப் பார்க்கிறான் என்றால், காது போய்விட்டது என்று ஊருக்குச் சொன்னதாகிவிடும். நான் இந்த மனிதனைச் சந்தேகித்தது இந்த இடத்தில்தான். பிறகு, இரண்டு வருடம் கண்ணாடி போடாமல் எழுதிய என்னை நினைத்துக்கொண்டு மன்னித்தேன்.

5

வியாழக்கிழமை சிக்கு ரொஹானி திரும்பி வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை (மலாயில் ஆசிரியரைச் 'சிக்கு' என்பார்கள்), போன மாதம் இடது பேரிங் மாற்றிக்கொண்டு போனவர்.

"நாகா, என் காடிக்குள்ள ஒரு விமானம் உக்காந்திருக்கு. எண்பதைத் தாண்டுனா கெளம்புது. எறக்கிட்டேன்னு நீ சொன்ன. திரும்ப ஏறிடுச்சுப்பா."

"டயர் சத்தமா இருக்கும் சிக்கு."

"டயர் புதுசு. சனிக்கிழமை பேரனை ஏத்திக்கிட்டு கேமரன் மலைக்குப் போறேன். வளைவுக்கு வளைவு விமானத்தோட போகச் சொல்றியா?"

"பயப்படாதீங்க. இப்ப ஒரு சுத்து போய் கேட்டுட்டு வந்துடறேன்."

சாவியை வாங்கினான். புனிதவதி எழுந்து நின்றாள்.

6

இந்த இடத்துக்கு மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதலாவதில் அவள், "உங்களுக்கு வலது காது கேக்கலங்க" என்று எல்லோர் முன்னும் சொல்கிறாள். உண்மைதான். ஆனால் சிக்கு எதிரில் அவனை இப்படி நிறுத்தும் புனிதவதியை எனக்குத் தெரியாது. அடித்துவிட்டேன்.

இரண்டாவதில் அவள் வாய் திறப்பதில்லை. வலது முன் டயரில் ஒரு சுண்ணக்கட்டிக் கோடு போடுகிறாள், அவன் புரிந்துகொள்கிறான். அழகாகத்தான் இருந்தது, இரண்டு நாள் அதையே வைத்திருந்தேன். ஆனால் அடுத்த காடிக்கும் கோடு, அதற்கடுத்ததற்கும் கோடு. ஆயுள் முழுக்கக் கோடு போட...

இதுவும் இல்லை.

மூன்றாவதில் அவள், பத்தொன்பது வருடம் நாக்கு நுனியில் வைத்திருந்ததைக் கேட்கிறாள் என்று திட்டமிட்டேன். "ஏங்க..." என்று அவள் தொடங்கும் வரை கதை என் பேச்சைக் கேட்டது. பிறகு நாகேந்திரன் என் பேச்சைக் கேட்கவில்லை. கதவைத் திறந்தவன் ஏறாமல் நின்றான். அலமாரியைப் பார்த்தான். அதில் அந்த நான்கு பேரிங்குகளும் அவன் அடுக்கிய வரிசையில் இல்லை. அவள் எடுத்துப் பார்த்திருக்கிறாள் என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது.

சந்தின் கடைசியில் காடி திரும்பி, மதில் வலப்பக்கம் வந்தபோது என்ன கேட்டது, அதைச் சிக்குவிடம் யார் சொன்னார்கள், அலமாரியில் இருந்த மற்ற பேரிங்குகளின் காடிக்காரர்களுக்கு யார் போன் போட்டார்கள் என்பதையெல்லாம் உங்களிடம் விடுகிறேன். இவ்வளவு தூரம் இவர்களோடு வந்துவிட்டீர்கள், தவறாக எழுத மாட்டீர்கள். சாவி அவன் கையில் இருக்கிறது, அவளைப் பார்க்கிறான் என்பதோடு நான் எழுந்துகொள்கிறேன். அவன் பேசியதை மட்டும் அப்படியே வைத்துவிட்டுப் போகிறேன்.

"புனிதா, நீயும் வா. எனக்குப் பின்னாடி உக்காந்து வலது சன்னலை எறக்கு. அந்தப் பக்கம் எனக்கு ரொம்ப நாளா கேக்கல. நீ கேட்டுச் சொல்லு."