நிரம்பிய கட்டம்

அன்று காலை வீட்டில் அவள் செய்த கடைசிக் காரியம், கணவரின் கோப்பையிலிருந்து பாதித் தேநீரைத் தன் கோப்பையில் ஊற்றிக்கொண்டதுதான்.

"தனியா போட்டுக்கோயேன்" என்றார் அவர்.

"உங்களுதுலேர்ந்து எடுத்தாத்தான் ருசி" என்றவள், செருப்பை மாட்டிக்கொண்டு முதல் பேருந்தைப் பிடிக்க ஓடினாள். அவர் அடுத்த பேருந்தில் போய் இறங்கியபோது அலுவலக வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இருவருக்கும் ஒரே அலுவலகம். மாநாடு, கண்காட்சி என்று யார் எது நடத்தினாலும் பெயர்ப்பதிவைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனம் அது. மக்கள் இணையதளத்தில் பதிவு செய்வார்கள். அரங்க வாசலில் அட்டை அச்சடித்து இருக்கை ஒதுக்குவது வேறொரு மென்பொருள். இரண்டும் ஒன்றோடொன்று முகம் கொடுத்துப் பேசாது. பேச வைத்தவள் அவள். தளத்தில் ஒருவர் சேர்ந்தாலும் விலகினாலும், அந்தச் செய்தி தானாக அரங்கப் பட்டியலுக்குப் போய்ச் சேரும்படி ஓர் இணைப்பு எழுதியிருந்தாள். அவருக்கு வரவேற்பு மேசை. தொலைபேசி அவர் பாடு.

விடுப்பு முடிந்து அவர் திரும்பியபோது யாரும் துக்கத்தைக் கிளறவில்லை. காவலாளி எழுந்து நின்றார், அவ்வளவுதான். மதியம் பக்கத்து மேசைக்காரர் தன் சாப்பாட்டில் பாதியை எதுவும் கேட்காமல் அவர் தட்டில் வைத்தார். பணியாளர் பிரிவு அம்மா, அவர் கண்ணில் பட்டால் மனசு உடைந்துபோகுமே என்று, அவளுடைய அலுவலகக் கணினிக் கணக்கை முன்பே மூடிவிட்டிருந்தார். நல்ல மனசோடு செய்தது. வினை அதில்தான் வந்தது.

காது கேளாத குழந்தைகளும் பெற்றோரும் கூடும் நிகழ்ச்சி மறுநாள். முற்பகலில் ஒரு தந்தை அழைத்தார்.

"சார், என் பொண்ணுக்கு முன்வரிசை கிடைக்கும்ல? சைகையில சொல்றவங்க கை நல்லா தெரியணும்."

அரங்கப் பட்டியலில் அந்தப் பெண்ணின் பெயரே இல்லை. தளத்தில் இருந்தது. அண்மையில் பதிவு செய்த யாருமே இந்தப் பக்கம் வந்து சேரவில்லை. பிறகு அழைப்பதாகச் சொல்லிவிட்டு நிரல் எழுதும் பெண்ணிடம் ஓடினார். எதைக் கேட்டாலும் "வரலாம், வராமலும் போகலாம்" என்பதால் அவளுக்கு அலுவலகத்தில் வானிலை என்று பெயர். அவர் மனைவியை அக்கா என்று கூப்பிட்டவள். ஆகவே அவர் மாமா.

திரையைத் துழாவிவிட்டு நிமிர்ந்தாள். "இணைப்பு அக்கா கணக்குலதான் ஓடிட்டிருந்திருக்கு, மாமா. கணக்கை மூடினதும் சத்தம் போடாம நின்னுடுச்சு."

"அவ ஒரு நாளும் சத்தம் போடாம நின்னதில்லையே."

இருவரும் சிரித்துவிட்டார்கள். அவள் போன பிறகு அவர் முதல்முறை சிரித்தது அப்போதுதான்.

"வேற கணக்குல ஓட விடறேன். ஆனா எங்க விட்டுச்சுன்னு அதுக்குத் தெரியாது. ஆரம்பத்துலேர்ந்து எல்லாரையும் மறுபடி கொண்டுவந்து கொட்டும்."

தொலைபேசியில் யார் என்ன கேட்டாலும் அவர் தளத்துக்குப் போய்த் திருத்துவதில்லை. கண்ணெதிரே திறந்திருக்கும் அரங்கப் பட்டியலிலேயே தட்டிவிடுவார். எந்தக் குழந்தைக்கு முன்வரிசை, யாருக்குச் சக்கர நாற்காலி என்பதெல்லாம் அங்கே மட்டும்தான் இருந்தது. தளத்தில் அந்தக் கட்டங்கள் காலி. காலி வந்து மேலே உட்கார்ந்தால், நாளைக்கு எத்தனையோ பிள்ளைகள் கடைசி வரிசையில் ஒன்றும் புரியாமல் விழித்துக்கொண்டிருக்கும்.

"கொஞ்சம் பொறும்மா. நான் வந்து..."

"நீங்க எங்க திருத்துவீங்கன்னு ஊருக்கே தெரியும், மாமா. அக்காவுக்குத் தெரியாதா? தளத்துல காலியா இருந்தா, இங்க நிரம்பின கட்டத்தைத் தொடக் கூடாதுன்னு ஒரு விதி போட்டு வச்சிருக்காங்க. எதுக்குக்கா இதுன்னு கேட்டேன். 'அந்த மனுஷன் சொன்னா கேக்க மாட்டார். அவரைத் திருத்தறதைவிட இதைத் திருத்தறது சுலபம்'னாங்க."

மனைவி இதை வீட்டில் ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை.

"கணக்கோட சேர்ந்து அதுவும் போயிருக்காதா?"

"கணக்கு போச்சு. விதி அங்கேயேதான் இருக்கு."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

வானிலையின் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவர் கேட்டதே இல்லை.

ஓடவிட்டாள். பெயர்கள் ஒவ்வொன்றாக வந்து இறங்கின. அவர் மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அவர் தட்டிய ஒரு சொல்கூடக் கலையவில்லை. புதிதாக வந்திருந்த அந்தப் பெண்ணின் கட்டத்தில் முன்வரிசை என்று நிரப்பிவிட்டு அவள் அப்பாவை அழைத்தார்.

விஷயம் கேள்விப்பட்டுப் பணியாளர் பிரிவு அம்மா கண் கலங்க வந்து நின்றார். "என்னாலதானே..."

"எனக்காகத்தானே செஞ்சீங்க, அம்மா. உக்காருங்க முதல்ல."

மறுநாள் அரங்கத்தில் அந்தப் பெண் முன்வரிசையில் இருந்தாள். மேடை ஓரத்தில் சைகை காட்டியவர் ஏதோ வேடிக்கை சொல்ல, காலை ஆட்டிக்கொண்டு சிரித்தாள். கதவோரம் நின்று பார்த்தவருக்கு மனைவியிடம் நன்றி சொல்ல வழி தெரியவில்லை. அதனால் வானிலையிடம் சொன்னார். பணியாளர் பிரிவு அம்மாவிடம் சொன்னார். காவலாளியிடமும் சொன்னார். எதற்கென்று புரியாமல் அவர் மறுபடி எழுந்து நின்றார்.

இணைப்பு இப்போது நிறுவனத்தின் பெயரில் ஓடுகிறது. தளத்துக்குப் போய்த் திருத்துவது எப்படி என்று வானிலை அவருக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். அவரும் தலையை ஆட்டினார்.

தொலைபேசி அடித்தால் அவர் இன்னும் அரங்கப் பட்டியலில்தான் தட்டுகிறார்.